ஒற்றைக்காலில் நிற்கும் வரலாறு

பன்னிரண்டாம் வகுப்பின் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் இல்லங்களில் நடைபெறும் ஆலோசனைகளைச் சற்றே செவிமடுத்துக் கேட்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. மருத்துவம், பொறியியல், கணினி, வணிகவியல் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். மதிப்பெண் குறைந்த பிள்ளையின் முறை வரும்போதுதான் வரலாறு என்னும் பெயர் மெல்லிய குரலில் உச்சரிக்கப்படும். உடனே குடும்பத்தின் மூத்தவர் ஒருவர், "அதைப் படித்துவிட்டு என்ன செய்யப் போகிறான்? அரசர்கள் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் மனனம் செய்தால் அடுப்பு எரியுமா?" என்று கேட்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

இக்கேள்வியை எழுப்பும் பெரியவரை நாம் குறைகூறப் போவதில்லை. பிள்ளையின் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படுவது பெற்றவர்களின் கடமை. நம் வழக்கு அவரோடு அன்று. அவருக்கு விடை சொல்லப் புறப்படும் வரலாற்று அபிமானிகளோடுதான். "வரலாறு அறியாத சமுதாயம் வாழாது" என்று மேடையில் முழங்கிவிட்டுத் தம் பிள்ளையை வேறு துறையில் சேர்க்கும் இவர்கள், தனித்த வரலாற்றுப் பட்டம் ஒன்றே போதும் என்னும் எண்ணத்தைப் பரப்பிவிட்டார்கள். நாம் துணிந்து கூறுகிறோம்: தனித்துப் படித்த வரலாறு அந்தப் பெரியவர் அஞ்சுவதைப் போலவே பயனற்றதாகிவிடக்கூடும். ஆனால் அரபியோடோ, பாரசீகத்தோடோ, சட்டத்தோடோ, பொருளியலோடோ இணைத்துப் படித்த வரலாற்றைப் போல நம் சமுதாயத்துக்கு இன்று அவசரமாகத் தேவைப்படும் கல்வி வேறொன்று இருப்பதாக நாம் கருதவில்லை.

இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் இரு பாடங்களைச் சரிபாதியாகப் பயின்று ஒரே பட்டம் பெறும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. வரலாறும் பொருளியலும், வரலாறும் அரசியலும், வரலாறும் ஒரு மொழியும் என்று மாணவர்கள் இணைத்துக் கற்கிறார்கள். நம் நாட்டில் முதன்மைப் பாடம், துணைப் பாடம் என்னும் ஏற்பாடு உண்டு. ஆனால் அந்தத் துணைப் பாடம் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது? வரலாற்று மாணவனுக்குப் பெரும்பாலும் அரசியலமைப்பையோ பொது நிர்வாகத்தையோ சுற்றுலாவையோ கொடுத்துவிடுகிறார்கள். அவற்றை நாம் இழிவாக எண்ணவில்லை. வேலைவாய்ப்புத் தேர்வுகளுக்கு அவை உதவுகின்றன என்பதும் மெய்யே. எனினும், கடந்த காலத்தின் ஆவணத்தைக் கையில் எடுத்து வாசிக்கும் ஆற்றலை அவற்றுள் எதுவும் தருவதில்லை. சாவி இல்லாத வீட்டுக்குக் காவல்காரனாக நம் பிள்ளை பட்டம் பெற்று வெளியே வருகிறான்.

மதுரைச் சுல்தான்களின் ஆட்சியை எடுத்துக்கொள்வோம். 1335 அளவில் டில்லியின் பிடியை உதறிவிட்டு ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா நிறுவிய அந்த அரசு அரை நூற்றாண்டு கூட நீடிக்கவில்லை. ஆயினும் தமிழகத்தில் நம்மைப் பற்றி எழும் விவாதங்களில் அதன் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ஒரு சாரார் அதை இருண்ட காலம் என்கின்றனர். நம்மவரில் ஒரு சாரார் அதைப் பொற்காலம் என்று சாதிக்கின்றனர். இருவரும் மூலத்தைத் தொட்டவர்கள் அல்லர். அவ்வரசின் நாணயங்களில் உள்ள வாசகம் அரபி. அதன் தோற்றத்தைக் குறிப்பிடும் ஸியாவுத்தீன் பரனியின் நூல் பாரசீகம். அதை வென்ற குமார கம்பணரைப் பாடும் கங்காதேவியின் 'மதுரா விஜயம்' வடமொழி. அக்காலத்தைப் பற்றிப் பின்னர்ப் பேசும் கோயில் கல்வெட்டுகளில் பல தமிழ். நேரில் வந்து கண்டு எழுதிய இப்னு பதூதாவின் பயண நூலோ அரபி.

இந்த இப்னு பதூதா செய்தி சிறிது நின்று நோக்கத்தக்கது. மாலத்தீவில் காஜியாகப் பணிபுரிந்த பின்னர், 1344 அளவில், கடலில் இடருற்று மஅபர்க் கரையை அடைந்தார் அவர். அப்போது மதுரையில் ஆண்டவர் கியாஸுத்தீன். ஜலாலுத்தீனின் மகள் ஒருவரை இப்னு பதூதா டில்லியில் மணந்திருந்தார். மற்றொரு மகளை மணந்தவர் கியாஸுத்தீன். ஆக, வந்தவர் அரசருக்கு நெருங்கிய உறவினர். மார்க்கச் சட்டம் கற்ற காஜி. ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளருக்கு நேர்ந்த கொடிய முடிவையும், சிறைப்பட்ட எளிய மக்கள் மீது, பெண்டு பிள்ளைகள் மீதும், சுல்தான் இழைத்த கொடுமைகளையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் வெறுத்தும் கண்டித்தும் எழுதினார். அக்காலத்தைப் பொற்காலம் என்போருக்கு இது கசப்பான செய்தி. அக்கொடுமைகளை இஸ்லாத்தின் தலையில் ஏற்றுவோருக்கும் இது கசப்பான செய்தியே. ஏனெனில் கொடுமையைக் கொடுமை என்று பதிவு செய்த சாட்சி, அந்த மார்க்கத்தின் நீதிபதி ஒருவர்தாம். இரு கட்சியாரின் வாயையும் அடைக்கும் வல்லமை அந்த அரபி ஏட்டுக்கு உண்டு. அதைத் திறந்து காட்ட நம்மிடம் ஆள் இல்லை.

இன்னொரு செய்தி. 1311 இல் மாலிக் காஃபூர் பாண்டிய நாட்டின்மீது படையெடுத்தபோது, பாண்டியர் பக்கம் நின்று பணிபுரிந்த முஸ்லிம்கள் இருந்தனர். இதைச் சொல்பவர் வேறு யாருமல்லர்; டில்லியின் வெற்றிகளைப் புகழ்ந்து 'கஸாஇனுல் ஃபுதூஹ்' எழுதிய அமீர் குஸ்ரூவே. அவர்களைப் பற்றி அவர் ஏளனமாகவே பேசுகிறார். அவர் ஏளனம் செய்தது நமக்கு வாய்த்த நற்சான்று என்பது நம் எண்ணம். டில்லியிலிருந்து வந்த படைக்கு எதிரே, தாம் உப்புண்ட மண்ணின் அரசரோடு நின்றவர்கள் இந்நாட்டு முஸ்லிம்கள். "நீங்கள் படையெடுப்போடு வந்தவர்கள்" என்று நம்மை நோக்கிக் கூறுவோருக்கு இதைவிடத் தெளிவான விடை உண்டா? ஆனால் அந்த விடை பாரசீகத்தில் இருக்கிறது.

"எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறதே" என்று கூறுவோர் உண்டு. இருக்கிறது. எலியட், டவுசன் இருவரின் பெயரில் 1867 முதல் 1877 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த மொழிபெயர்ப்புத் தொகுப்பைத்தான் இந்தியாவின் கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாக நம்பின. முஸ்லிம் அரசர்களின் கொடுங்கோன்மையைக் காட்டினால் ஆங்கில ஆட்சியின் அருமையைக் குடிமக்கள் உணர்வார்கள் என்னும் நோக்கத்தை எலியட் தம் முன்னுரையிலேயே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நோக்கத்துக்கு ஏற்ற பகுதிகள் தெரிவு செய்யப்பட்டன. அத்தொகுப்பிலுள்ள பிழைகளைப் பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டி 1939 இல் ஒரு நூல் வெளிவந்தது. அதை எழுதியவர் ஹோடிவாலா என்னும் பார்சி அறிஞர். நம்மீது சுமத்தப்பட்ட பொய்களைத் துடைக்கும் பணியையும் ஒரு பார்சிக்காரர் செய்து தரவேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிப் படிப்பவன், மொழிபெயர்த்தவன் எதைக் காட்ட விரும்பினானோ அதை மட்டுமே காண்பான்.

நம்மிடையே இப்பணிக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீக, உருதுத் துறையின் தலைவராக விளங்கிய முஹம்மது ஹுசைன் நயினார் அவர்களை நாம் மறந்துவிட்டோம். ஆர்க்காட்டு நவாபுகளின் வரலாற்றைக் கூறும் 'துஸுகே வாலாஜாஹி' என்னும் பாரசீக நூலை அவர் ஆங்கிலத்தில் ஆக்கி, 1934 இல் பல்கலைக்கழகம் வெளியிட்டது. போர்த்துக்கீசியரை மலபார் முஸ்லிம்கள் எதிர்த்து நின்ற வரலாற்றை 16 ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதிய ஸைனுத்தீன் மக்தூமின் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலும், தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் புவியியலாளர் அறிந்திருந்தவற்றைத் திரட்டிய ஆய்வு நூலும் 1942 இல் அவரால் வெளிவந்தன. மொழித்துறையில் இருந்துகொண்டு வரலாற்றுப் பணியைச் செய்தவர் அவர். மொழியும் வரலாறும் ஒரே தலையில் கூடியபோது விளைந்த விளைச்சல் இது. இன்று மொழித்துறை ஓரிடத்தில் இருக்கிறது. வரலாற்றுத்துறை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நடைபாதை இல்லை.

நடைபாதை இல்லாதது மட்டுமன்று, சுவரே எழுப்பியிருக்கிறார்கள். பட்டப்படிப்பில் பகுதி ஒன்று என்பது மொழிப்பாடம். தமிழை எடுத்தால் அரபி இல்லை. அரபியை எடுத்தால் தமிழ் இல்லை. காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல் ஒன்றில் தமிழ்க் கல்வெட்டும் அரபி எழுத்துப் பொறித்த மீஸான் கல்லும் அருகருகே இருக்கக் காண்கிறோம். கல் இரண்டையும் ஏற்கிறது. நம் கல்லூரி ஏற்க மறுக்கிறது. அரசின் ஏற்பாடும் இதே கதைதான். இந்தியத் தொல்லியல் துறையில் தமிழ் உள்ளிட்ட மொழிகளின் கல்வெட்டுகளுக்கு மைசூர் தலைமையிடமாக வளர்ந்தது. அரபி, பாரசீகக் கல்வெட்டுகளுக்கு நாகபுரி. நிர்வாக வசதிக்காகச் செய்த பிரிவினை அது என்பதை அறிவோம். ஆனால் மைசூருக்கும் நாகபுரிக்கும் இடையே நின்று இரண்டையும் ஒருசேர வாசிக்கும் ஒருவரைத் தமிழகத்து முஸ்லிம் சமுதாயம் உருவாக்கியிருக்க வேண்டாமா? வேறு எந்தச் சமுதாயத்திடம் அப்படி ஒருவரை எதிர்பார்க்க முடியும்?

கி.பி. 849 இல் கொல்லத்தில் ஒரு கிறித்தவப் பள்ளிக்கு வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டை அறிஞர் அறிவர். சாசனம் வட்டெழுத்தில் உள்ளது. சாட்சிகளின் கையொப்பங்களோ கூஃபி அரபியிலும், பாரசீகரின் பழைய பஹ்லவி எழுத்திலும், யூதரின் எபிரேய எழுத்திலும் உள்ளன. கிறித்தவருக்குக் கொடுத்த கொடைக்கு முஸ்லிம் வணிகர் சாட்சிக் கையொப்பம் இட்டிருக்கிறார்! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட இந்த நல்லிணக்கப் பத்திரத்தை ஒருவரே முழுதாக வாசித்துவிட இயலாது. அத்தனை மொழியையும் ஒருவரே கற்க வேண்டும் என்று நாம் கூறவும் இல்லை. ஒவ்வொரு வரலாற்று மாணவனும் தாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் அப்பால் ஒரு மொழியையேனும் கற்றிருந்தால், நால்வர் சேர்ந்து அமர்ந்து அதை வாசித்துவிடலாம். ஒன்றும் அறியாத நாற்பது பேர் கூடினாலும் அதன் நிறத்தைத்தான் வியக்க முடியும்.

மொழியோடு மட்டும் நிற்கவேண்டியதில்லை. வரலாற்றுக்குக் கணக்கும் வேண்டும் என்று அறிவுறுத்தியவர் நம் இப்னு கல்தூன். 1377 இல் அவர் எழுதிய 'முகத்திமா'வின் தொடக்கத்திலேயே, முன்னோர் எழுதி வைத்த எண்ணிக்கைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய வரலாற்றாசிரியர்களைச் சாடுகிறார். மூஸா நபி (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்று மஸ்ஊதி முதலியோர் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் அந்த நிலப்பரப்பில் அணிவகுக்க இயலுமா, ஒரு கோடியிலிருப்பவனுக்கு மறுகோடியில் நடப்பது தெரியுமா, சில தலைமுறைகளில் ஒரு குலம் அந்த அளவு பெருகுமா என்று வினவுகிறார். வரலாற்றைச் சமுதாய இயலோடும் பொருளியலோடும் இணைத்துப் பார்க்கக் கற்பித்த அந்த மேதையின் பெயரை நாம் மீலாது மேடையில் பெருமைக்காக உச்சரிக்கிறோம். அவர் கற்பித்த முறையை ஐரோப்பியர் எடுத்துச் சென்றுவிட்டனர்.

அம்முறையை நம் காயலுக்கே பொருத்திப் பார்க்கலாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மஅபர்க் கரைக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் இறக்குமதியாயின என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் எழுதுகிறார். பெருக்கினால் 22 இலட்சம் தீனார். பாண்டியரிடம் உயர்பதவி வகித்தவராக அவர் கூறும் தகியுத்தீனின் குடும்பம் இவ்வணிகத்தில் முதன்மை பெற்றிருந்தது. வரலாறு மட்டும் படித்தவன் இத்தொகையைக் கண்டு பூரித்துப்போய், "எங்கள் முன்னோரின் செல்வத்தைப் பாரீர்!" என்று கட்டுரை எழுதிவிடுவான். பொருளியலும் கற்றவனோ அங்கே நிற்பான். அத்தனை பொன் எங்கிருந்து வந்தது? வரியாக வந்ததா, கோயில்களின் வருவாயிலிருந்தா, முத்துக் குளிப்பிலிருந்தா? ஆண்டுதோறும் பத்தாயிரம் குதிரைகள் வந்தால் பத்தாண்டில் நாடு கொள்ளுமா? இதற்கு விடையும் அக்காலத்தவரிடமே உண்டு. தென்னாட்டில் குதிரைகளைப் பேணத் தெரியாமையால் அவை விரைவில் மடிந்தன என்று வஸ்ஸாஃபும் கூறுகிறார். மார்க்கோ போலோவும் கூறுகிறார். அப்படியானால் வணிகர் இலாபம் குதிரையின் ஆயுளை நம்பியதன்று; அதன் சாவை நம்பியது. இவ்வாறு ஒரு கேள்வி மற்றொரு கேள்வியைப் பெற்றெடுக்கும் இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது. அதற்கு முன்பு இருப்பது வெறும் புகழ்மாலை.

புகழ்மாலை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஊர்தோறும் வெளியாகும் விழா மலர்களைப் பாருங்கள். நாள் தெரியாத கபர் ஒவ்வொன்றும் முதல் நூற்றாண்டினதாகிவிடுகிறது. சான்று கேட்டால், பெரியவர்கள் சொன்னார்கள் என்பது விடை. ஹதீஸ் ஒன்றை ஏற்பதற்கு அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்த இமாம்களின் வழிவந்தவர்கள் நாம்! அந்த விசாரணையின் நூறில் ஒரு பங்கைக்கூட நம் ஊர் வரலாற்றுக்குச் செய்வதில்லை. இத்தகைய மலர்கள் நமக்கு உதவுவதற்கு மாறாக, மெய்யான சான்றையும் பிறர் ஐயுறும்படி செய்துவிடுகின்றன.

நிற்க. மொழியும் கணக்கும் அறிஞர் ஆராய்ச்சிக்குத்தானே என்று எண்ணுவோர் வக்ஃபு நிலங்களை நினைத்துப் பார்க்கட்டும். தமிழகத்தின் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் நிலம் கொடுத்தவர்களுள் ஆர்க்காட்டு நவாபுகள் உண்டு, தஞ்சை மராத்திய மன்னர்கள் உண்டு, சேதுபதிகள் உண்டு. நாகூரின் மிக உயர்ந்த மனோராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மன்னர் பிரதாப் சிங் என்பதை நாடறியும். நவாபின் சனதுகள் பாரசீகம். தஞ்சை அரண்மனையின் எழுத்து மராத்திய மோடி. சேதுபதிகளின் செப்பேடுகள் தமிழ். பின்னர் 1858 இல் ஆங்கிலேயர் அமைத்த இனாம் ஆணையம் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து எழுதிய பதிவேடுகள் இன்றும் வழக்குமன்றங்களில் முதன்மைச் சான்றாக எடுத்துவைக்கப்படுகின்றன.

2025 ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், பதிவு பெற்ற வக்ஃபுகளின் விவரங்களை ஆறு மாத காலத்துள் மத்திய அரசின் இணையப் பதிவேட்டில் ஏற்றுமாறு பணித்தது. நெடுங்காலப் பயன்பாட்டினால் மட்டுமே வக்ஃபாக அறியப்படும் நிலங்களுக்கு இனிமேல் அந்த வழியில் தகுதி கிட்டாது என்றும் விதித்தது. அச்சட்டத்தைப் பற்றிய நம் மனக்குறை வேறு. வழக்குகள் நடக்கின்றன, நடக்கட்டும். ஆனால் சட்டம் எதுவாயினும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பத்திரம் எங்கே? பத்திரம் பெட்டகத்தில் இருக்கிறது. முத்தவல்லிக்கு அதை வாசிக்கத் தெரியாது. வக்கீலுக்குப் பாரசீகம் தெரியாது. பாரசீகம் அறிந்த ஹஜ்ரத் அவர்களுக்கு 'இனாம்', 'சர்வ மானியம்', 'ஜாகீர்' என்பவற்றுக்கிடையே சட்டம் காணும் வேறுபாடு தெரியாது. வரலாற்றுப் பட்டதாரிக்கோ இம்மூன்றும் தெரியாது. வரலாற்றையும் சட்டத்தையும் கற்று, ஒரு மொழியையும் கைவரப்பெற்ற இளைஞர் ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்திருந்தால், எத்தனை ஜமாஅத்துகள் நிம்மதியாக உறங்கியிருக்கும்! "வரலாறு படித்தால் அடுப்பு எரியுமா" என்று கேட்டவருக்கு நாம் இதைத்தான் காட்டுவோம். அத்தகைய இளைஞரைத் தேடி ஜமாஅத்துகள் அவர் வீட்டு வாசலில் நிற்கும்.

அரபுத்தமிழின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தமிழை அரபி எழுத்தில் எழுதி வளர்த்த நூல்கள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் பழைய வீடுகளில் கரையானுக்கு இரையாகி வருகின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் காலம் 1816 முதல் 1898 வரை. அவர்களின் கிதாபுகளைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கும் பட்டதாரிகள் இன்று எத்தனை பேர்? இதனோடு ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். கெய்ரோவின் பழைய யூத ஆலயம் ஒன்றில் குவிந்து கிடந்த கழிவுத் தாள்களுள், இந்தியாவோடு வாணிகம் செய்த யூத வணிகரின் கடிதங்கள் இருந்தன. அவை அரபி மொழியில், எபிரேய எழுத்தில் எழுதப்பட்டவை. நம் அரபுத்தமிழ் எத்தகையதோ, அத்தகைய கலப்பு அது. கோய்டைன் என்னும் அறிஞர் அரபியையும் எபிரேயத்தையும் வரலாற்றோடு சேர்த்துக் கற்றிருந்தமையால், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அத்தாள்களுக்கே ஈந்தார். அவர் மறைந்த பின்னரும் அவருடைய மாணவர் தொடர்ந்து உழைத்து, இந்திய வணிகரைப் பற்றிய பெருநூலை 2008 இல் வெளியிட்டார். மங்களூரில் வாழ்ந்த ஒரு யூத வணிகர் வாங்கிய பொருள்களின் பட்டியல் முதலாக இன்று உலகம் அறிகிறது. குப்பைத் தாளிலிருந்து ஒரு சமுதாயம் தன் வரலாற்றை மீட்டுக்கொண்டது. பெட்டகத்தில் பட்டுத்துணி சுற்றி வைத்த நூலை நாம் குப்பையாக்கிக்கொண்டிருக்கிறோம்.

இவ்விடத்தில் நம் பெண்மக்களை நினைக்கிறோம். அரபுத்தமிழைக் கடைசிவரை கைவிடாமல் காத்தவர்கள் நம் பாட்டிமார்கள். அந்நூல்கள் இருப்பதும் அந்தப்புரங்களின் பேழைகளில்தான். ஆண் ஆராய்ச்சியாளர் எவரும் அவ்வளவு எளிதாக உள்ளே நுழைய முடியாத வீடுகள் அவை. இன்று நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் கல்லூரி செல்கின்றனர். வரலாற்றோடு அரபியையும் கற்ற ஒரு பெண் அப்பேழையின் அருகே உட்கார்ந்து, பாட்டியின் வாயாலேயே அந்த எழுத்தின் ஓசையைக் கேட்டு எழுதிவிட முடியும். அந்தப் பாட்டிமார்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள் என்பதையும் நினைவிற்கொள்க.

"இரண்டைப் படிப்பது பிள்ளைகளுக்குச் சுமையாகாதா?" என்னும் மறுப்பு எழும். இதைக் கேட்க நமக்குத் தகுதி இல்லை. ஐந்து வயதிலிருந்து காலையில் மத்ரஸா, பகலில் பள்ளிக்கூடம் என்று இரட்டைக் கல்வி கற்று வளர்ந்த பிள்ளைகள் நம்முடையவர்கள். உலகில் பிறர் பதினெட்டு வயதில் தட்டுத்தடுமாறிக் கற்கும் அரபி எழுத்தை நம் பிள்ளைகள் பால்பல் விழும் வயதிலேயே கற்றுவிடுகிறார்கள். ஆனால் ஓதக் கற்பிக்கிறோம். பொருள் அறியக் கற்பிப்பதில்லை. பாதிப் பாலம் கட்டப்பட்டு நடு ஆற்றில் நிற்கிறது. மறுபாதியைக் கட்டுவதுதான் கல்லூரியின் வேலை. இதே பாலத்தின் மறுகரையில் நிற்பவர்கள் நம் ஆலிம்கள். ஏழெட்டு ஆண்டுகள் அரபி கற்று வெளிவரும் அவர்களுக்கு, தாம் தொழுவிக்கும் பள்ளியின் கல்வெட்டு எக்காலத்தது என்று சொல்லும் பயிற்சி தரப்படுவதில்லை. அவர்களுக்கு வரலாற்றையும், வரலாற்று மாணவருக்கு அரபியையும் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

சட்டத் தடை இருக்கிறது என்று இனியும் சாக்குச் சொல்ல இயலாது. ஒரே காலத்தில் இரு பட்டப்படிப்புகளைப் பயிலலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் நெறிமுறை வெளியிட்டது. வகுப்பு நேரங்கள் மோதாவிடில் இரண்டையும் நேரில் பயிலலாம். அல்லது ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலைக் கல்வியாகவும் பயிலலாம். பல்கலைக்கழகங்கள் அதை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது மட்டுமே எஞ்சியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் 'அஃப்ஸலுல் உலமா', 'முன்ஷியே ஃபாஸில்' பட்டயங்களை நம் முன்னோர் பலர் பெற்றார்கள். அவற்றின் பெயரையே இன்றைய மாணவர் கேள்விப்பட்டதில்லை. நம் சமுதாயப் பெரியோர்கள் தம் கைப்பொருளால் எழுப்பிய கல்லூரிகளுள் பல, தன்னாட்சி பெற்றவை. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம். வரலாற்றின் துணைப் பாடமாக அரபியையோ பாரசீகத்தையோ வைப்பதற்கு எந்த அமைச்சரிடமும் மனுக்கொடுக்க வேண்டியதில்லை. அரபித்துறையும் வரலாற்றுத்துறையும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. இரு துறைத் தலைவர்களும் ஒரே தேநீர்க் கோப்பையைப் பகிர்ந்துகொண்டு பேசினால் போதும்.

அவ்வாறு பேசும்போது எதையேனும் ஒட்டவைத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு பாடத்தையும் பத்துப் பத்துப் பக்கக் குறிப்பேடுகளாகச் சுருக்கி, இரண்டிலும் தேர்ச்சி என்று முத்திரை குத்துவது பயனற்றது. மூன்றாம் ஆண்டின் இறுதியில் மாணவர் ஒவ்வொருவரும் அச்சேறாத ஓர் ஆவணத்தை, தம் ஊர்ப் பள்ளியின் மீஸான் கல்லாயினும் சரி, வீட்டுப் பெட்டகத்தின் சனதாயினும் சரி, படியெடுத்து, ஹிஜ்ரி ஆண்டைக் கணித்து, தமிழாக்கிக் கொடுத்தாலன்றிப் பட்டம் இல்லை என்று விதிக்கட்டும். சாமிக்கண்ணுப் பிள்ளை 1922 இல் வெளியிட்ட காலக்கணிதப் பெருநூல் ஹிஜ்ரியையும் சகத்தையும் கொல்லத்தையும் ஆங்கில ஆண்டோடு பொருத்திக் காட்டுகிறது. நல்ல நூலகங்களில் அது தூசி படிந்து கிடக்கிறது.

பெரிய கட்டடங்களுக்கும் மணவிழாப் பந்தல்களுக்கும் வாரிக்கொடுக்கும் நம் செல்வர்களிடம் ஒரு சொல். ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு இரண்டு மாணவர். வரலாறும் அரபியும் பயிலும் ஒருவர், வரலாறு முடித்துச் சட்டம் பயிலும் ஒருவர். இவ்விருவரின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் ஏற்பதாக ஒருவர் முன்வந்தால், வரும் கல்வியாண்டுக்கான பாடத்திட்டக் குழு கூடுவதற்கு முன்பே அதைக் கல்லூரி நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்துவிட வேண்டும். பாடத்திட்டம் அச்சேறிய பிறகு வரும் நன்கொடை, சேர்க்கைக்குப் பிந்திய விண்ணப்பம் போன்றது. அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேரும்.